தரைமட்டத்துக்குக் கீழே: வெள்ளச் சேத வரைபடங்களும் தேவிகாபுரத்துத் தறிவீடும்

வெள்ளம் எதுவரை வரும் என்று வரைவது ஒரு வேலை. வந்தால் வீடு என்னவாகும் என்று வரைவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலை முறைப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். அணை கட்டுவதோடு நின்றுவிடாமல் கரையில் குடியிருப்போரின் வாழ்க்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1945இல் வாதிட்டார். பிரிட்டனில் பென்னிங்-ரோசெல், சாட்டர்டன் இருவரும் 1977இல் வெளியிட்ட கையேடு, தண்ணீர் நிற்கும் உயரத்தையும் கட்டட வகையையும் கொண்டு இழப்பைக் கணிக்கும் அட்டவணைகளைத் தந்தது.

தமிழகக் கரையோரத்தில் முதலில் வந்தது கோடுதான். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கோட்டுக்குள் இருக்கும் வீடு கூரை வீடா, மாடி வீடா என்பது அதற்குப் பொருட்டாக இருக்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஐதராபாத்தின் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடல்மட்ட மாற்றம், கரை அரிப்பு, நில உயரம், உச்ச நீர்மட்டம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அபாய வரைபடங்களை உருவாக்கியது. இவையும் நிலத்தைப் பற்றியவையே.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது, கட்டுமானப் பொருள்கள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுமம் 1997இல் வெளியிட்ட பேரிடர் பாதிப்பு வரைபடத் தொகுப்பு. 2006இலும் 2019இலும் அது திருத்தப்பட்டது. மண்சுவர், சுட்ட செங்கல், கான்கிரீட் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிரித்துவைத்த வகைகளைக் கொண்டு, மாவட்டந்தோறும் எத்தனை வீடுகளுக்கு எந்த அளவு ஆபத்து என்று அது சொல்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சுவரோடு நின்றுவிடுகிறது.

இந்தக் குறையைக் காணக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. ஆரணிப் பட்டு நெய்யும் தேவிகாபுரம், கடலே இல்லாத திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். இங்கே தறி என்றால் பெரும்பாலும் குழித்தறி. நெசவாளர் குழி விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். நெடுக்கு இழைகளான பாவு தரையை ஒட்டி நீண்டு கிடக்கிறது. அடைமழைக் காலத்தில் தெருவில் வெள்ளம் ஓடவே வேண்டாம். நிலத்தடி நீர் ஏறிக் குழியில் ஊறினாலே தறி நின்றுவிடும். ஈரம் பட்டால் கஞ்சி போட்ட பட்டுப் பாவு விறைப்பிழக்கும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், அறும். சேலையும் போகும், கூலியும் போகும். சுவரிலோ ஒரு கீறலும் இருக்காது.

நீர்மட்டக் கணக்கில் சுழியம் என்பது வீட்டுத் தரை. நிலவறை உள்ள வீடுகளுக்கு அதற்குக் கீழேயும் அளவிடும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. தறிக்குழியை மட்டும் யாரும் நிலவறையாகக் கருதுவதில்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட தறிவீடு தொகுப்பில் மண்சுவர் வீட்டைவிடப் பத்திரமான வீடுதான். உண்மையில் அந்த வீட்டின் விலையுயர்ந்த பொருள் சுழியத்துக்குக் கீழும் அதையொட்டியும் இருக்கிறது.

கடலோர மாவட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. கைலி நெசவுக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடி கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2015 நவம்பர் வெள்ளத்தில் அந்த வட்டம் கடுமையாக அடிபட்டது. அங்கே சேதத்தைச் சுவரைக் கொண்டு அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். இத்தனைக்கும் தறி வாரியான விவரம் இல்லாமல் இல்லை. 2019-20இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு தறிகளை வகைபிரித்தே எண்ணியது. அது ஜவுளி அமைச்சகத்திடம் இருக்கிறது. வரைபடத் தொகுப்போ வீட்டுவசதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.