கப்பலேறிய கறி

எங்கள் நீடாமங்கலத்துப் பக்கத்தில் ‘கறி’ என்பது, காயானாலும் இறைச்சியானாலும், சோற்றுக்குத் துணை நிற்பது. மேனாட்டாருக்கோ அது இந்தியச் சமையல் முழுவதற்கும் பெயர். துணைக்கு நின்றது தலைமை ஏற்ற வரலாறு சிறிது விந்தையானது.

காவிரிப் பாய்ச்சலின் பெருஞ்செல்வம் அரிசி. 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து அது மூட்டை மூட்டையாக இலங்கைக்குச் சென்றது. ஆயினும் அரிசி தன்னை விளைத்தவரின் சமையலை உடன் கொண்டு செல்வதில்லை. வாங்கியவர் தம் வழக்கப்படி வடித்துக்கொள்வார். மசாலைப் பொடி அப்படியன்று. ருசியையே பொட்டலமாகக் கட்டிச் செல்கிறது. நான் பூகோளம் கற்பித்த காலத்துப் பாடநூல்களில் ஏற்றுமதிப் பொருள்களின் பட்டியல் உண்டு. அவை நம்மைப் பற்றி அயலாரிடம் என்ன சொல்லின என்ற வினா மட்டும் இராது.

1747இல் லண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலிலேயே இந்திய முறைக் கறிக்குச் செய்முறை உண்டு. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் ஊர் திரும்பியபோது நாவின் ஆசையும் உடன் சென்றது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் லண்டன் கடைகளில் கறிப்பொடி விலைக்கு வந்துவிட்டது. அம்மியில் அரைத்த தேங்காய் விழுது மறுநாளைக்கே தாங்காது. மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்கியது உலர்ந்த பொடிதான். கூட்டுக்கு ஒரு பக்குவம், வற்றற்குழம்புக்கு வேறொரு பக்குவம் என்று நம் பெண்டிர் பிரித்து வைத்ததெல்லாம் அங்கே ஒரே புட்டிக்குள் அடங்கிற்று. இதற்காக ஆங்கிலேயரை நான் நோவதில்லை. கைக்குக் கிடைத்ததைக் கொண்டுதானே எவரும் ஒரு நாட்டை அறிகிறார்கள்?

மிளகுத்தண்ணீரின் கதை இன்னும் சுவையானது. ‘மல்லிகட்டானி’ என்று பெயர் திரிந்து, இறைச்சியும் சேர்ந்து, சோற்றில் பிசைவதை விட்டுக் கரண்டியால் பருகும் சூப்பாயிற்று. சென்னை மாகாணத்து ஆங்கில உத்தியோகஸ்தர்களுக்கு ‘மல்’ என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதனைக் காணலாம். கறி தமிழ்ச் சொல்லே என்றும் அது கூறுகிறது. அதனைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னெல், நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளியாகுமுன்பே, 1882இல், காலமானார்.

ஆங்கிலேயர் வழியாகவே இந்தப் பொடி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானை அடைந்தது. ஆகவே ஜப்பானியர் கறியை மேனாட்டு உணவு வரிசையில் வைத்தார்கள்! அங்கே அது மறுபடியும் சோற்றோடு சேர்ந்தது. கோதுமை மாவு கலந்து கெட்டியாக்கிய குழம்பாக.