பக்க வண்டியும் முன் கவையும்

ஒரு வாகனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் இயந்திர ஆற்றலையும் வேகத்தையுமே முதன்மையாகப் பேசுவர். அஃது இயல்பே. எனினும், மோட்டார் சைக்கிளோடு பக்க வண்டி இணைந்த வரலாற்றை அறிய விரும்புவோர், இயந்திரத்தைக் காட்டிலும் முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் கவையையே உற்று நோக்குதல் வேண்டும். குடும்பத்தைச் சுமந்து சென்ற வண்டி எளிதில் திரும்பியதா, அன்றி ஓட்டுநர் வளைவுதோறும் தோள் நோகப் போராடினாரா என்பதை முடிவு செய்தது அக்கவையே ஆகும்.

பக்க வண்டிக்கான காப்புரிமை இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டிலேயே கோரப்பட்டது. 1912இல் பர்மிங்காம் நகரில் வாட்சோனியன் நிறுவனம் தோன்றிற்று. கார் வாங்கும் வசதியற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த மூன்று சக்கர வண்டி பெருந்துணையாயிற்று. கணவர் ஓட்ட, மனைவி பக்க வண்டியில் குழந்தையை மடியில் இருத்திச் செல்லும் காட்சி, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஆங்கிலச் சாலைகளில் மிகச் சாதாரணம். பயணியைப் பக்கத்தில் அமர்த்திச் செல்லும் சிங்கப்பூர்த் திரிஷாவைக் கண்டவர்கள் இதன் அமைப்பை எளிதில் உணர்வர்.

ஆனால், பக்க வண்டியைப் பூட்டிய அந்நொடியே மோட்டார் சைக்கிளின் இயல்பு மாறிவிடுகிறது. தனியே ஓடும் இரு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். பக்க வண்டி பூட்டியது சாயாது. கைப்பிடியைத் திருப்பியே அதைத் திருப்ப வேண்டும். வேகத்தைக் கூட்டினால் பக்க வண்டி இருக்கும் திசைக்கு இழுக்கும். தடையை அழுத்தினால் எதிர்த் திசைக்குத் தள்ளும். இவை அனைத்தையும் ஓட்டுநரின் இரு கைகளே எதிர்த்து நிற்றல் வேண்டும்.

இங்கே ஓர் அடிப்படையை விளக்குதல் இன்றியமையாதது. தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது தன் திருகு தண்டுக்குப் பின்னே தொடர்ந்து வருவதால்தான் நேராக ஓடுகிறது. மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறே. கைப்பிடி சுழலும் அச்சைக் கோடாக நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் முன் சக்கரம் தரையைத் தொடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆங்கிலத்தில் ‘டிரெயில்’ என்பர். நாம் ‘பின்னிடைவு’ எனக் கொள்வோம். தனி வண்டிக்குப் பின்னிடைவு மிகுதியாக இருந்தால் நன்று. அது வண்டியை நேர்வழியில் நிறுத்தும். பக்க வண்டிக்கோ அதுவே சுமை. கைப்பிடி கல்லாகக் கனக்கும். ஆகவே, முன் சக்கரத்தைச் சிறிது முன்னே தள்ளிப் பின்னிடைவைக் குறைப்பதே தீர்வாகும்.

இத்தீர்வுக்கு இன்னொரு தேவையும் சேர்ந்தது. 1935இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் எண்ணெய்த் தணிப்புடன் கூடிய குழாய்க் கவையைத் தன் வண்டிகளில் அமைத்தது. ஒன்றனுள் ஒன்று நுழைந்து இயங்கும் குழாய்களால் ஆன அக்கவை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரிட்டனிலும் பரவிற்று. தனி வண்டிக்கு அது சிறந்தது. ஆனால், சாயாத வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தின்மீது பக்கவாட்டு விசை பாயும். அவ்விசையால் நீண்ட குழாய்கள் சற்றே வளைந்து, ஒன்றோடொன்று உராய்ந்து, தம் இயக்கத்தில் தடைபடும்.

இதனை முன்னுணர்ந்து செயல்பட்டோர் சிலர். ஸ்டீவனேஜ் நகரின் வின்சென்ட் நிறுவனம் 1948இல் வெளியிட்ட ‘சி’ வரிசை வண்டிகளில் ‘கிர்டிராலிக்’ என்னும் கவையைப் பொருத்திற்று. அதன் கீழ் இணைப்பில் மையம் விலகிய அச்சுத் துண்டுகள் இருந்தன. அவற்றை அரைச் சுற்றுத் திருப்பினால் பின்னிடைவு குறையும்; விசைச்சுருளின் இறுக்கமும் பக்க வண்டியின் பாரத்திற்கேற்ப மாறும்.

எர்னஸ்ட் எர்ல்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1953இல் காப்புரிமை பெற்ற கவை வேறொரு வகையினது. இதில் சக்கரத்தின் பின்னே கீல் அமைந்து, அங்கிருந்து முன்னோக்கி நீளும் இரு கரங்கள் சக்கரத்தைத் தாங்கும். கரங்கள் சக்கரத்தின் பின்புறம் ஒன்றாக இணைந்திருந்தமையால் பக்கவாட்டு விசைக்கு அவை எளிதில் வளைந்து கொடுக்கவில்லை. இதனைப் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1955 முதல் 1969 வரை தன் வண்டிகளில் கையாண்டது. கீல் ஆணிக்கு அந்நிறுவனம் இரண்டு துளைகளை இட்டது இக்கட்டுரைக்கு முதன்மையான செய்தி. பின் துளை தனி வண்டிக்கு. முன் துளை பக்க வண்டிக்கு. ஆணியை முன் துளைக்கு மாற்றினால் சக்கரம் முன்னே நகரும், பின்னிடைவு குறையும், கைப்பிடி இலேசாகும்.

இம்மாற்றத்திற்கும் ஒரு விலை உண்டு. பின்னிடைவு குறைந்த வண்டி, மெதுவாகச் செல்லுங்கால் கைப்பிடி நடுங்கும் இயல்புடையது. அதனை அடக்கத் திருப்புத் தணிப்பானை இறுக்குதல் வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை இழப்பது பொறியியலிலும் நியதியே.

காலம் மாறிற்று. 1959இல் 500 பவுனுக்கும் குறைந்த விலையில் மினி கார் வெளிவந்தது. கூரையும் கதவும் கொண்ட கார் கைக்கெட்டியபின், மழையில் நனைந்தவாறு ஓட்டத் தந்தையர் விரும்புவரோ? பக்க வண்டி விற்பனை சரிந்தது. 1969இல் பி.எம்.டபிள்யூ. தன் புதிய வரிசையில் குழாய்க் கவைக்கே திரும்பிற்று. பக்க வண்டியைப் பூட்டும் இணைப்பிடங்களும் சட்டகத்தினின்று மறைந்தன. இரண்டு துளைகளின் காலம் முடிவுற்றது.

ஆயினும், பக்க வண்டி மறையவில்லை. பெருந்தொழிற்சாலைகள் கைவிட்ட பணியை ஐரோப்பாவின் சிறு பட்டறைகள் மேற்கொண்டன. சிலர் குழாய்க் கவையை முழுவதுமாகக் கழற்றிவிட்டு முன் கரக் கவையைப் பொருத்தினர். சிலர் குழாய்களை மேலும் கீழும் பற்றும் தகடுகளை மட்டும் மாற்றி, சக்கரத்தை முன்னே தள்ளினர். பக்க வண்டியையே தன் அடையாளமாகக் கொண்ட ரஷ்ய உரால் வண்டியும் பிற்காலத்தில் முன் கரக் கவையையே ஏற்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒருவருக்காக அமைந்த ஒன்றில் இன்னொருவரையும் ஏற்றினால், ஆற்றலைப் பெருக்குவது மட்டும் போதாது. வழிநடத்தும் உறுப்பையும் திருத்தியாக வேண்டும். வலிமை மிக்க இயந்திரம் சுமையை இழுத்துவிடும். ஆனால், அச்சுமையை வளைவில் பத்திரமாகத் திருப்பித் தருவது முன் கவையே. அந்தக் கவையில் இரண்டாவது துளையை இட்ட பொறியாளர், தம் வண்டியை வாங்குபவருக்கு ஒரு நாள் குடும்பம் அமையும் என்று எண்ணிப் பார்த்தவர். பயன்படுத்துவோரின் நாளைய வாழ்வையும் கருதிச் செய்வதே சிறந்த தொழில்நுட்பம். அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் விசையையும் அச்சையும் விளக்கும்போது, இதனையும் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக.