இறகு சூடிய தலைவர்கள்

கிறிஸ்தவர்களின் தவக்காலம் விபூதிப் புதனன்று தொடங்குவதற்கு முந்தின நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடைபெறும் மார்டி கிரா வைபவத்தைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் செல்வந்தர்களின் ரதங்களையும் முகமூடிகளையுமே வர்ணிப்பர். ஆனால் அந்த ஊர்வலங்களில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள், தம் குடியிருப்புத் தெருக்களிலேயே, செவ்விந்தியத் தலைவர்களைப் போல இறகு சூடி ஆடிப்பாடி வந்த சரித்திரம் அவற்றினும் மேன்மையானது.

1880-களில் பெகாட் பதீஸ்த் என்பவர் ஸ்தாபித்த 'கிரியோல் வைல்ட் வெஸ்ட்' இவ்வாறு ஆடிப்பாடி வந்த கூட்டங்களுள் மிகப் பழையது. 1884-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவ்வூருக்கு வந்த, செவ்விந்தியரும் தோன்றிய பஃபலோ பில் என்பாரின் காட்சியே இதற்குத் தூண்டுகோல் என்பர் சிலர். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிய தம் முன்னோருக்கு அடைக்கலம் அளித்த ஆதிக்குடிகளுக்குச் செலுத்தும் நன்றிக்கடன் என்பர் அம்மக்கள். காட்சியின் கவர்ச்சி ஒரு பருவத்தோடு மங்கியிருக்கும். தலைமுறை தலைமுறையாக அவர்களை ஊசியும் நூலுமாக உட்கார வைத்தது அந்த நன்றியுணர்ச்சியே என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பிரயாசை சாமானியமானதன்று. கித்தான் துணியில் மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்து, சாயமேற்றிய தீக்கோழி இறகுகளை விளிம்பெங்கும் வரிசையாகப் பொருத்தி, நிறம் இன்னதென்று அயலாருக்குத் தெரியாமல் ஏறக்குறைய ஓராண்டு உழைத்தால் ஓர் உடை முடியும். சில உடைகள் நூறு ராத்தலுக்கு மேல் கனக்கும். அடுத்த மார்டி கிராவுக்கு அது உதவாது. பிரித்தெடுத்த மணிகளைக் கொண்டு புதிதாகத் தைக்கத் தொடங்கவேண்டும் என்பதே சம்பிரதாயம்.

முற்காலத்தில் இரு கூட்டங்கள் எதிர்ப்பட்டால் பழம்பகை தீர்க்கக் கத்தியும் துப்பாக்கியும் வெளிவருவதுண்டு. அந்த வழக்கத்தை மாற்றி, எவருடைய உடை அழகியது என்பதிலேயே வெற்றி தோல்வி நிர்ணயமாகவேண்டும் என்று நிலைநாட்டியதில் பதீஸ்தின் குடும்பத்தில் வந்தவரும் 'எல்லோ போகஹான்டஸ்' கூட்டத்தின் தலைவருமான அலிசன் டூட்டி மோன்டானாவுக்குப் பெரும் பங்குண்டு. சுவர்ப் பூச்சைத் தாங்கும் உலோகச் சட்டங்களை அமைப்பது அவர் ஜீவனத் தொழில். அந்தக் கைத்திறனே, படங்களைத் தட்டையாகத் தைக்கும் நகரின் மேற்பகுதியாரினின்று வேறுபட்டு, இறகும் மணியும் முப்பரிமாணமாக எழும்பி நிற்கும் உடைகளை அவருக்குச் சாத்தியமாக்கிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் உடை தரித்து வெளிவந்தார்.

2005-ஆம் ஆண்டு, இவர்கள் உடை தரித்து வெளிவரும் மற்றொரு நாளாகிய சூசையப்பர் திருநாளான மார்ச் 19 இரவில் கூடியிருந்த இக்கூட்டங்களைச் சேர்ந்தவர்களைப் போலீஸார் கலைத்தனர். ஜூன் 27 அன்று மாநகர மன்றத்தில், அத்தகைய கெடுபிடிகள் ஓயவேண்டுமென்று தமது 82-ஆம் வயதில் முறையிட்டுக்கொண்டிருந்தபோதே மோன்டானா சரிந்து உயிர்நீத்தார். அவர் மகன் டாரிலும் கூட்டத்தின் தலைவராகித் தம் கையாலேயே உடை தைத்தவர்.