நழுவிய இடுப்பெலும்பும் ஒரு திருகாணியும்

வளரும் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் பந்து போன்ற தலை, வளர்ச்சித் தட்டில் நழுவுவது உண்டு. 1572-லேயே பிரெஞ்சு மருத்துவர் அம்புரோஸ் பாரே இதைக் குறிப்பிட்டார்.

முற்காலத்தில் நழுவிய தலையை வலிந்து திருப்பி, மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டனர். மெல்லிய இரத்தக் குழாய்கள் சேதமடைந்து தலையே செத்துப்போனதும் உண்டு. அதனால்தான் நழுவிய நிலையிலேயே ஒரு திருகாணியால் நிறுத்தும் முறை பரவியது.

அதிகமாக நழுவியவர்களுக்கு? எலும்பின் கழுத்தைச் சற்றுக் குறைத்தால் குழாய் இழுபடாது என்றார் இங்கிலாந்தின் டன் (1964).

1993-ல் அமெரிக்காவின் லோடர் குழுவினர் திடீரென நழுவிய 55 இடுப்புகளை ஆராய்ந்தனர். ஊன்றுகோலுடனாவது நடக்க முடிந்த 25-ல் ஒரு தலையும் சாகவில்லை. நடக்கவே முடியாத 30-ல் 14 செத்தன.

2001-ல் சுவிட்சர்லாந்தின் கான்ஸ், குழாயைக் காத்தபடியே மூட்டைத் திறக்கும் வழியை வெளியிட்டார். டன் முறை புத்துயிர் பெற்றது. ஆனாலும் லேசான நழுவலுக்கு இன்றும் அந்த ஒற்றைத் திருகாணிதான்.