பழைய ஒலிக்கருவியின் இணைய விற்பனை: படமும் விவரமும் சான்றாகும் விதம்

1. சிக்கல்

ஒலிக்கருவி காதுக்கானது, இணையத்தில் அதைக் கண்ணுக்குத்தான் விற்கிறோம். வாங்குபவர் கேட்டுப் பார்க்க வழியில்லை. 1970இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய கட்டுரை, இப்படிப்பட்ட சந்தைகள் எப்படிக் கெடுகின்றன என்பதை விளக்கியது. நல்லதையும் ஓட்டையையும் பிரித்தறிய முடியாதவர் இரண்டுக்கும் நடுவான விலையைத்தான் தருவார். அந்த விலைக்கு நல்ல பொருளின் சொந்தக்காரர் விற்க மாட்டார். கடைசியில் ஓட்டைகளே மிஞ்சும். 2001இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

“சூப்பர் கண்டிஷன், பக்கா வொர்க்கிங்” என்று யாரும் எழுதலாம். கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயருக்கும் அதே வரி பொருந்துவதால் அதற்குச் சான்று மதிப்பு கிடையாது. கெட்ட பொருளை வைத்திருப்பவரால் எளிதில் காட்ட முடியாத ஒன்றுதான் சான்று. கீழே வருவன எல்லாம் இந்த அளவுகோலால் அளந்து பார்த்தவை.

2. படம்

2.1 பின்பக்கம்

விற்பவர்கள் முன்முகத்தை நாலு கோணத்தில் எடுக்கிறார்கள், பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. மாதிரி எண், வரிசை எண், மின்னழுத்தம் ஆகியவை பெரும்பாலும் அங்குள்ள தகட்டில் இருக்கும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கருவிகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றை நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் ஃபியூஸ் போவது சின்ன நஷ்டம், டிரான்ஸ்ஃபார்மரே கருகலாம். அந்தத் தகட்டின் ஒரு தெளிவான படம் இருந்தால், மின்மாற்றி தனியாக வாங்க வேண்டுமா என்பதை வாங்குபவர் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வார். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகள் உடைந்திருந்தால் அதுவும் இந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

2.2 குறை

ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்தால் டர்ன்டேபிளின் அக்ரிலிக் மூடியில் கீறல் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். ஜன்னலோரம் வைத்து, ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி எடுத்தால் ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். விற்பவர் இந்த இரண்டாவது படத்தைப் போட வேண்டும். காரணம் நேர்மை மட்டும் இல்லை, வியாபாரமும்கூட. ஒரு குறையைத் தானாகக் காட்டியவர் மற்றதை மறைத்திருக்க மாட்டார் என்று வாங்குபவரின் மனம் கணிக்கிறது. பத்து அழகுப் படங்கள் தராத நம்பிக்கையை ஒரு கீறல் படம் தந்துவிடும்.

ஸ்பீக்கரில் கட்டாயம் வேண்டியது கூம்பின் விளிம்பு. பாலியூரித்தேன் ஃபோம் விளிம்புகள் பத்து, இருபது ஆண்டுகளில் காற்றின் ஈரத்தால் உதிரத் தொடங்கும். ரப்பர் விளிம்பு அதைவிட நின்று பிடிக்கும். முன் துணியைக் கழற்றி, விளிம்பை நெருக்கத்தில் எடுக்க வேண்டும். துணியோடு மட்டுமே எடுத்த படத்தைக் கண்டால் நான் சந்தேகப்படுவேன்.

2.3 வீடியோ

கைபேசி தன்னிச்சையாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அதன் மைக்கில் பதிந்த பாட்டைக் கேட்டு ஒலித்தரத்தை மதிப்பிடுவது வீண். இரண்டு சேனலும் பேசுகின்றனவா, வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா, இவற்றை அறிய வீடியோ போதும். பேலன்ஸ் குமிழை இடமிருந்து வலமாக ஒருமுறை ஓட்டிக் காட்டினாலே பாதிக் கேள்விகள் அடங்கிவிடும்.

3. விவரம்

படம் தோற்றத்துக்குச் சான்று. இயக்கத்துக்கு எழுத்துதான் சான்று. இங்கே அளந்து எழுதுவது ஒன்று, அபிப்பிராயம் எழுதுவது வேறு. “சத்தம் அருமை” என்பது அபிப்பிராயம். “எட்டு ஓம் ஸ்பீக்கர், மல்டிமீட்டரில் இரண்டும் ஆறு ஓம் அளவில் காட்டின” என்பது அளவை. (எட்டு ஓம் ஸ்பீக்கர் நேர்மின் தடையில் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பே, மீட்டரில் முள்ளே அசையாவிட்டால்தான் வாய்ஸ் காயில் அறுந்திருக்கும்.)

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2-ஐ எடுத்துக்கொள்வோம். 1979இல் வந்த அந்த டர்ன்டேபிளின் தட்டு விளிம்பில் புள்ளி வரிசைகள் உண்டு. சரியான வேகத்தில் பக்கவிளக்கின் ஒளியில் பெரிய புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். இதை விற்பவர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். கேமராவின் வேகமும் விளக்கின் மினுக்கமும் மோதுவதால் வீடியோவில் நிற்கும் புள்ளியும் நகர்வதாகத் தெரியலாம். ஸ்டைலஸ் எத்தனை நாள் ஓடியது என்று தெரியாவிட்டால் “தெரியாது, மாற்றிக்கொள்ளுங்கள்” என்று எழுதுவது நல்லது.

பழுது பார்த்திருந்தால் என்ன மாற்றினார்கள் என்பது முக்கியம். “சர்வீஸ் செய்தது” என்பதில் கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் அடங்கும், கன்டென்சர் முழுவதும் மாற்றியதும் அடங்கும். விலையில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. பெட்டியைத் திறந்து படமெடுப்பதைப் பழக்கமில்லாதவர் தவிர்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

4. சட்ட நிலை

இந்தியாவில் பொருள் விற்பனைச் சட்டம், 1930 இதில் தலையிடுகிறது. 16ஆம் பிரிவின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பொருளின் தரத்துக்கு மறைமுக உத்தரவாதம் எதுவும் இல்லை. வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டியதுதான். ஆனால் விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. ஆக, விளம்பரத்தில் பொருளை விவரித்த ஒவ்வொரு வரியும் விற்பவரைக் கட்டும். அதே வரிகள் அவரைக் காக்கவும் செய்யும்: “இடது சேனல் முதல் ஐந்து நிமிடம் கரகரக்கும்” என்று எழுதி விற்றவரிடம், கரகரக்கிறது என்று யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டு வர முடியாது.