கடல்வடம் முதல் கண்ணாடி இழை வரை

தேரோட்டத்திலே வடம் பிடிப்போர் பலர். சில்லின்கீழ் முட்டுக்கட்டை இடுவோர் சிலர். இவ்விரு திறத்தாரும் ஒத்துழைத்தாலன்றித் தேர் இருப்பிடம் வந்து சேராது. செய்தியைச் சுமக்கும் வடங்களின் வரலாறும் இவ்வுண்மையையே புகட்டுகின்றது.

1857ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அயர்லாந்தின் வலன்சியாத் தீவுக்கு அருகிலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே தந்தி வடம் இடும் பணி தொடங்கிற்று. 'நயாகரா' என்னும் கப்பல் வடத்தைத் தாங்கிச் சென்றது. தன் பாரத்தினாலே வடம் கட்டின்றி ஓடிவிடாதபடி, அதனை அடக்கி விடுவதற்குத் தடை பூட்டிய யந்திரம் ஒன்று கப்பலில் அமைந்திருந்தது. முந்நூறு மைலுக்கு மேல் வடம் இறங்கியபின், 11ஆந் திகதி அதிகாலையில் தடை இறுக்கப்பட்டது. அவ்வேளையிலே அலை கப்பலின் பின்புறத்தை உயர்த்திற்று. இறுக்கிய தடை உரிய நேரத்தில் தளர்த்தப்படாமையால், வடம் அறுந்து ஆழ்கடலில் மறைந்தது.

மறு ஆண்டு வேறொரு தடை பொருத்தப்பட்டது. அப்போல்ட் என்னும் ஆங்கிலேயர் அமைத்த அத்தடை, முன்னர் சிறைச்சாலைகளிலே கைதிகள் சுழற்றும் பொறிகளுக்குப் பயன்பட்டதாகும். குறித்த அளவுக்கு மேல் இழுவிசை ஏறினால் அது தானாகவே இளகிக் கொடுக்கும். 1858 ஆகஸ்ட் 5ஆந் திகதி இரு கரைகளும் இணைந்தன. எனினும், அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செலுத்தப்பட்டமையால் அவ்வடம் சில வாரங்களிலேயே செயலிழந்தது.

1865இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் பெருங்கப்பல் அப்பணியை மேற்கொண்டது. பழுதுற்ற பகுதியைச் செப்பனிட மீட்டு இழுத்தபோது வடம் மீண்டும் அறுந்தது. அடுத்த ஆண்டு, வடத்தை வெளிவிடும் யந்திரத்துடன் நீராவி எஞ்சினும் பூட்டப்பட்டது. விடவும் இழுக்கவும் அது வல்லதாயிற்று. 1866 ஜூலை 27ஆந் திகதி வடம் நியூபவுண்லாந்துக் கரையை அடைந்தது. பின்னர், முன் ஆண்டிலே இழந்த வடமும் கடலடியிலிருந்து தூக்கப்பட்டு முற்றுவிக்கப்பட்டது.

சரியாக நூறாண்டுகள் கழிந்து, 1966இல், கண்ணாடி இழையினூடே ஒளியாகச் செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாம் எனக் காவோ, ஹொக்கம் என்னும் அறிஞர் இருவர் எடுத்துரைத்தனர். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அதற்கேற்ற இழையைச் செய்து காட்டினர். மயிரிழை போன்ற இக்கண்ணாடி அதிகம் நீளாது. மிகையாக இழுபட்டால் உடனே ஒடியாவிடினும், நுண்ணிய வெடிப்புகள் வளர்ந்து பின்னொரு நாள் முறியலாம்.

ஆகவே, நிலத்தடிக் குழாய்களில் இதனைப் புகுத்தும் யந்திரங்களும் அடக்கமுடையனவாக அமைந்தன. மின்சாரம் எட்டாத வீதியோரத்திலும் பெற்றோல் எஞ்சின் பூட்டிய இழுவை யந்திரம் வேலை செய்யும். வெளிப்புற வடங்கள் பலவற்றுக்கு 600 இறாத்தல் இழுவிசையே எல்லையாகும். அவ்வெல்லை வந்ததும் யந்திரம் நின்றுவிடுமாறு அமைக்கப்படுகின்றது. குழாயின் ஒவ்வொரு வளைவும் இழுவிசையைப் பன்மடங்காக்கும் ஆதலால், இழுப்பது மாத்திரம் போதாதென உணர்ந்தோர் தள்ளும் முறையையும் கண்டனர். இரு பட்டிகள் வடத்தைப் பற்றிக் குழாய்க்குள் செலுத்த, அமுக்கிய காற்று அதன் நெடுகிலும் வீசி முன்னே கொண்டு செல்லும். இழைகளைக் காற்றினாற் செலுத்தும் இம்முறை, 1980களின் தொடக்கத்திலே பிரித்தானியத் தொலைத்தொடர்பு ஆய்வாளரால் வகுக்கப்பட்டது.

'நயாகரா'விலே தடையருகில் நின்றவனிடம் வலிமைக்குக் குறைவில்லை. உரிய வேளையில் தானாகவே விட்டுக்கொடுக்கும் தடையே இல்லை. அக்குறையை நீக்கிய வரலாறே இவ்வியந்திரங்களின் வரலாறாகும்.