பெரட்டுக் களமும் சுபாங் பரேட்டும்

ஆங்கிலத்தில் நடப்பதைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் பூங்காவைச் சுற்றி வருகிறவர் 'வாக்கிங்' போகிறார். பட்டாளத்தார் கால் மாற்றிப் போட்டால் அது 'மார்ச்'. பலர் அணி அணியாக, ஊரார் பார்க்க நடந்து போனால் 'பரேட்'. இவற்றுள் மூன்றாவது சொல்லைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். நம் மாணவச் செல்வங்களுக்கு அது புதிய சொல் அன்று. "ஞாயித்துக்கிழமை எங்கே போனீங்க?" என்று கேட்டால், "பரேட்டுக்குப் போனோம் சார்" என்று பதில் வரும். 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுபாங் பரேட் பேரங்காடியைத்தான் சொல்கிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்த அவர்களுடைய பாட்டன் பாட்டிமாரும் அதே சொல்லை நாள் தவறாமல் சொன்னவர்கள்தாம். "எழுந்திரு, பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார்கள். பரேட்டும் பெரட்டும் ஒரே சொல்லே என்பது பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். பிரெஞ்சு மொழியிலிருந்து இது 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் அதை ஸ்பானியரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். ஸ்பானிய மொழியில் 'பராதா' என்றால் நிற்குமிடம். இன்றைக்கும் அந்நாட்டில் பஸ் நிற்குமிடத்துக்கு அதுதான் பெயர். ஆக, நடையைக் குறிக்கும் இச்சொல் பிறந்தபோது நிற்பதைத்தான் குறித்தது! படையில் இதன் முதல் பொருளும் அதுவே. வீரர்கள் வரிசையில் நிற்க வேண்டும், அதிகாரி வந்து எண்ணிப் பார்வையிட வேண்டும். அணிவகுத்து நடப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கிலாந்தில் மக்கள் உலாவும் கடற்கரைச் சாலையையும், வரிசையாகக் கட்டிய கடைகளையும்கூடப் பிற்காலத்தில் 'பரேட்' என்றார்கள். கோலாலம்பூரில் இன்று மெர்டேக்கா சதுக்கம் என்று நாம் அழைக்கும் திடலும் ஒரு காலத்தில் போலீஸ்காரர்களின் பரேட் திடலாகத்தான் இருந்தது.

ரப்பர்த் தோட்டத்துக்கு இந்தச் சொல்லை வெள்ளைக்காரத் துரைமார்கள் கொண்டுவந்தார்கள். நம் மக்களின் நாக்கில் அது 'பெரட்டு' ஆயிற்று. தமிழ்ச்சொல் போலவே ஒலித்ததால் அதை அந்நியச் சொல் என்று எவரும் நினைக்கவில்லை. கடல் கடந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே பெரட்டு, இதே பெரட்டுக் களம் என்பது கவனிக்கத் தக்கது. இரண்டு நாடுகளில், இரண்டு வேறு பயிர்களுக்கு நடுவே, தமிழ்க் கூலிகள் ஒரே சொல்லை ஒரே விதமாகத் தமிழாக்கி இருக்கிறார்கள். வாழ்க்கையும் ஒரே விதமாகத்தானே இருந்தது!

பெரட்டு என்பது என்ன? விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். லயத்துக் கதவுகள் திறக்கும். கைக்குழந்தை உள்ள தாய்மார் பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வருவார்கள். களத்தில் ஆண், பெண் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கிராணி விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்யா" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. இன்றைக்கு யார் எந்த நிரைக்குப் போவது, யார் புல் வெட்டுவது என்று தண்டல்மார் சொல்வார்கள். அதற்குப் பிறகே கலைந்து போகலாம்.

அவ்வளவு விடியற்காலையில் ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். அது வெறும் அதிகாரம் மட்டும் அன்று, மரத்தின் இயல்பும் அதற்குக் காரணம். ரப்பர் மரப்பட்டையில் பால் ஓடும் குழாய்களில் இரவிலும் அதிகாலையிலும்தான் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி அந்த அழுத்தம் குறைந்துவிடும், பாலும் குறையும். மரம் தூங்கும் நேரத்தில் மனிதன் விழித்திருக்க வேண்டியதாயிற்று.

பெரட்டு முடிந்த பிறகுதான் உண்மையான நடை தொடங்கும். ஒருவருக்கு 400, 500 மரங்கள் இருக்கும். மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து வெட்டி, மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். கடைசி மரம் முடிந்ததும், மறுபடி முதல் மரத்துக்கு வந்து பால் எடுக்க வேண்டும். நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும். மேடு பள்ளம், அட்டை, பாம்பு, மழை எல்லாம் உண்டு. இந்த நடைக்கு யாரும் தனியாகப் பெயர் வைக்கவில்லை. நின்றதற்குத்தான் பெயர் இருந்தது!

நடப்பதிலும் மானம் அவமானம் உண்டு என்பதை நம் வட்டார வரலாறே சொல்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய போராட்டம் அது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்டார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ தோட்ட உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதே அது. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டிருக்கிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். சொந்தச் சைக்கிளில் போகிறவனையும் இறக்கி நடக்க வைத்த காலம்! அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நம் பாடப் புத்தகங்களில் இது ஓரிரு வரியாவது வர வேண்டிய செய்தி என்பது என் கருத்து.

இனி நம் ஊருக்கு வருவோம். சுபாங் ஜெயா இருக்கும் நிலம் சீபீல்டு தோட்டமாக இருந்தது. 1970-களின் நடுவில் தோட்டத்தை அழித்து வீடு கட்டத் தொடங்கினார்கள். நிரைகள் போய்த் தெருக்கள் வந்தன. தெருப்பெயர்களைக் கவனித்தால் அங்கும் நடைதான்! மலாய் மொழியில் 'ஜாலான்' என்றால் சாலை, நடப்பதற்கும் அதுவே சொல். 'பெர்சியாரான்' என்பது உலாவுதல் என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பெர்சியாரான் கெவாஜிப்பானைத் தமிழில் சொன்னால் 'கடமை உலா' ஆகும். சாயங்கால நெரிசலில் அங்கே கார் ஓட்டுகிறவர்கள் உலாவைக் காண்பதில்லை, கடமையை மட்டும் நன்றாகச் செய்கிறார்கள்!

பள்ளிச் சீருடை இயக்கங்களில் மாணவர்கள் பழகும் 'காவாட்' என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இதையும் மலாய்ச்சொல் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் முன்னோர் படைப்பயிற்சியைக் 'கவாத்து' என்றார்கள். விதிமுறைகள் என்று பொருள்படும் ஓர் அரபுச் சொல், இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கும் மலாய்க்கும் வந்தது. எனவே திடலில் 'காவாட்' என்று கட்டளை கேட்கும்போது நம் பிள்ளைகள் வீட்டுச் சொல்லையேதான் கேட்கிறார்கள்.

தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்கள் பலருடைய பேச்சில் மட்டுமே இன்று பெரட்டு என்ற சொல் மிஞ்சியிருக்கிறது. பேரங்காடியின் குளிர்ந்த தளத்தில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும் ஒரு பாட்டி, ஒரு காலத்தில் பெரட்டில் தன் பெயருக்குக் குரல் கொடுத்தவராக இருக்கலாம். செம்பனைத் தோட்டங்களிலோ இன்றும் விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறார்கள். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள்.